பிராட்ஃபோர்ட் ஆன் ஏவனிலிருந்து திரும்பிய வாரம்

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணிக்குக் கிழக்கு லண்டனில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கால்வாய்க்கரைச் சேறு காலணியில் காய்ந்திருந்தது. பையைக் கூடத்தின் மூலையில் வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்க வேண்டும். ஆனால் மூன்று நாள் எடுத்த படங்களைப் பெரிய திரையில் பார்க்கும் ஆவல் விடவில்லை. மடிக்கணினியைத் திறந்து சனிக்கிழமைக்கான கோப்புறையைப் பார்த்தேன். காலையில் ஆற்றின் மேல் படிந்திருந்த பனிமூட்டம் இருந்தது, நண்பகலில் நடந்துபோன கால்வாய்ப் பாதை இருந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அன்று பிற்பகல் நான் பார்த்த பழைய தேவாலயமும், பெரிய களஞ்சியமும், மாலை வெயிலில் குன்றின்மேல் வரிசையாக நின்ற நெசவாளர் வீடுகளும் கோப்புறையில் இல்லை. மெமரி கார்டிலும் அவை இல்லை, ஏனென்றால் அந்த கார்டை ஞாயிறு காலையில்தான் நானே ஃபார்மட் செய்து அழித்திருந்தேன்.

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில், பாத் நகரிலிருந்து ரயிலில் கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் சிற்றூர் பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன். ஏவன் ஆற்றின் அகன்ற துறை என்பதே பெயரின் பொருள். கம்பளித் துணி நெசவால் செழித்து, அது நொடித்த பிறகு ரப்பர் தொழிலால் நிமிர்ந்த ஊர். அக்டோபர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை போய், சனிக்கிழமை முழுவதும் அங்கே படமெடுத்து, ஞாயிறன்று அருகிலுள்ள லேக்காக் கிராமத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என் திட்டம். பயணம் திட்டப்படியே நடந்தது. நான் செய்த தவறுகள் அனைத்தும் வீட்டுக்கு வந்த பிறகே ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. இது அந்த ஒரு வாரத்தின் கதை.

முதலில் கார்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை இரவு, தங்கியிருந்த விடுதியறையில், வெள்ளி, சனி இரண்டு நாள்களிலும் எடுத்த 1,070 படங்களை மடிக்கணினிக்கு நகலெடுக்கத் தொடங்கிவிட்டுப் படுத்துவிட்டேன். மின்இணைப்பு கொடுக்கவில்லை. 741 படங்கள் ஏறியதும் கணினி உறக்கநிலைக்குப் போய், நகலெடுப்பு நின்றிருக்கிறது. காலையில் அவசரத்தில் கார்டை உருவியெடுத்தேன். திரையில் ஏதோ ஓர் அறிவிப்பு வந்து போனது. அதைப் படிக்காமலே மூடிவிட்டு, கார்டைக் கேமராவில் போட்டு ஃபார்மட் செய்து, லேக்காக்கில் 410 படங்களை அதிலேயே எடுத்தேன். கோப்புகளின் எண்ணிக்கையைக் கார்டிலும் கணினியிலும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் போதும்; அரை நிமிட வேலை.

படங்கள் திரும்பக் கிடைத்ததற்குக் காரணம் என் திறமை அல்ல. கேமராவில் செய்யும் சாதாரண ஃபார்மட், கார்டின் உள்ளடக்கப் பட்டியலை மட்டுமே அழிக்கிறது. படங்களின் தரவு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும். புதிய படங்கள் பொதுவாகக் கார்டின் தொடக்கத்திலிருந்து எழுதப்படுவதால், ஞாயிற்றுக்கிழமையின் 410 படங்கள் வெள்ளி மாலை, சனி காலைப் படங்கள் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தன. அவைதான் ஏற்கெனவே கணினிக்கு வந்துவிட்டனவே! ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள், இரண்டு மணி நேரத்தில் விடுபட்ட 329 படங்களையும் மீட்டுத் தந்தது. அவற்றுள் மூன்று மட்டும் பாதிக்குமேல் சாம்பல் பட்டையாக வந்தன. படம் தொலைந்தது தெரிந்த அந்தக் கணத்திலேயே கார்டை வெளியே எடுத்து, அதில் மேற்கொண்டு எதுவும் எழுதாமல் வைப்பதே இதில் முக்கியம். சில கேமராக்களில் கார்டை முழுமையாகத் துடைக்கும் இன்னொரு ஃபார்மட் வசதியும் உண்டு. அதைத் தேர்ந்திருந்தால் எந்த மென்பொருளும் உதவியிருக்காது. இப்போது நான் இரண்டு இடங்களில் நகல் ஏறி, எண்ணிக்கை சரிபார்த்து, மூன்றாவது நகல் வீட்டுக்கு வெளியே ஓரிடத்துக்குப் போன பின்னரே கார்டைத் தொடுகிறேன். பயணத்தின்போது கார்டை ஃபார்மட் செய்வதே இல்லை. கூடுதலாக ஒரு கார்டு வாங்கும் செலவு, அந்த ஞாயிறு இரவு பட்ட பாட்டைவிடக் குறைவு.

மீட்பு மென்பொருள் படத்தைத் தருமே தவிர, கோப்பின் பழைய பெயரைத் தராது. ஆகவே படத்துக்குள் பதிந்திருக்கும் நேரத்தைக் கொண்டே வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. அங்கே இரண்டாவது தவறு காத்திருந்தது. பனிமூட்டப் படத்தின் நேரம் பகல் 12.08 என்று காட்டியது. பொங்கலுக்கு மதுரைக்குப் போனபோது கேமராக் கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றியிருந்தேன். திரும்பி வந்து ஒன்பது மாதமாகியும் அதை மாற்றவில்லை. இங்கிலாந்தின் கோடைகால நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் நாலரை மணி நேர வேறுபாடு. கைப்பேசியில் எடுத்தவை சரியான நேரத்திலும் கேமராவில் எடுத்தவை மதுரை நேரத்திலும் இருக்க, இரண்டையும் சேர்த்தபோது காலை உணவுக்கு முன்னால் ரயில் ஏறியதாகவும் இரவு பதினொரு மணிக்குச் சற்று முன்பு சூரியன் மறைந்ததாகவும் ஒரு பயணம் திரையில் உருவாகியிருந்தது. பாத் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது மின் அறிவிப்புப் பலகையைச் சும்மா ஒரு படம் எடுத்திருந்தேன். அதில் நிலையத்தின் நேரம் பதிந்திருந்ததால், வேறுபாடு நாலரை மணி நேரம்தான், அதற்குமேல் ஒரு நிமிடமும் இல்லை என்று உறுதிசெய்து, லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் எல்லாப் படங்களின் நேரத்தையும் ஒரே கட்டளையில் பின்னுக்குத் தள்ள முடிந்தது. இனி எந்தப் பயணத்திலும் முதல் படம் ஏதாவது ஒரு கடிகாரத்தின் படமாகவே இருக்கும்.

நேரம் சரியான பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. சனிக்கிழமை காலை பத்து மணிவரை ஏராளமான படங்கள்; மாலை நான்கு மணிக்குப் பிறகு மீண்டும் ஏராளம்; இடையில் களஞ்சியத்தின் உட்புறத்தையும் தேவாலயத்தையும் கால்வாயோரத்தையும் விட்டால் திறந்தவெளிப் படங்கள் மிகக் குறைவு. மதுரையில் படமெடுக்கக் கற்றவனின் பழக்கம் இது. அங்கே பத்து மணிக்கு மேல் வெயில் தலைக்கு நேரே ஏறிவிடும், முகங்களில் கண்குழி கறுத்துவிடும், கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவோம். அக்டோபர் நடுவில் மதுரையில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ 71 பாகை உயரத்தில் நிற்கும். அதே நாளில் பிராட்ஃபோர்டில் அது 30 பாகைக்கு மேல் ஏறுவதே இல்லை. அங்கே நாள் முழுவதும் நம் ஊரின் காலை எட்டு மணி வெளிச்சம்தான். அதிலும் அந்த ஊரின் பழைய வீட்டு வரிசைகள் ஆற்றுக்கு வடக்கே, தெற்கு நோக்கிய சரிவில் அடுக்கடுக்காக ஏறுகின்றன. டோரி என்று அழைக்கப்படும் உச்சி வரிசைவரை பகல் முழுவதும் சாய்வெயில் படுகிறது. ஊரே ஒளியில் நின்றுகொண்டிருந்தபோது நான் தேநீர்க் கடையில் உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறேன்.

படங்களைத் தேர்ந்தெடுப்பதில் செய்த தவறு வேறுவகையானது. திங்கள்கிழமை இரவே உட்கார்ந்து 1,480 படங்களிலிருந்து 60 படங்களைப் பொறுக்கினேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது, அவற்றில் பாதிக்குமேல் நான் பட்ட சிரமத்துக்குக் கொடுத்த பரிசாகவே தெரிந்தன: விடியலுக்கு முன் எழுந்த படம், மூச்சுவாங்க ஏறிய படம், முட்டிவரை ஈரமான புல்லில் மண்டியிட்ட படம். பார்ப்பவருக்கு அந்தக் குளிரும் தெரியாது, முட்டி நனைந்ததும் தெரியாது. நினைவு சற்றே ஆறும்வரை, குறைந்தது ஒரு வாரமாவது, தேர்வைத் தள்ளிப்போடுவது நல்லது. ஆனால் நகலெடுப்பு, நேரத் திருத்தம், இடப்பெயர்க் குறிப்பு ஆகியவற்றை வந்த இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். நான் இந்த வரிசையை அப்படியே தலைகீழாகச் செய்தேன்.

வெள்ளிக்கிழமை, சிறிய அளவில் நாற்பது படங்களை அச்சிட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பியிருந்தேன். என் மனைவி பாத்திரம் துடைத்த கையோடு வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "என்னங்க, இந்த ஊர்ல ஆளே இல்லையா?" என்று கேட்டார். உண்மைதான். கல், கூரை, நீர், மரம். மனிதர்கள் சட்டகத்தை விட்டு நகரும்வரை நான் காத்திருந்து எடுத்தவை அவை. ஒதுக்கிவைத்த படங்களைத் திரையில் காட்டியபோது, கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் படகுகளை ஏற்றியிறக்கும் மதகருகே எடுத்த ஒன்றில் அவர் நிறுத்தச் சொன்னார். வயதான ஒரு பெண்மணி, மதகுக் கதவின் நீண்ட மரக்கையில் முதுகைச் சாய்த்து, இரண்டு குதிகாலையும் தரையில் ஊன்றிப் பின்புறமாகத் தள்ளுகிறார். படகின் கூரைமேல் நனைந்த நாய் ஒன்று அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அடிவானம் சாய்ந்திருக்கிறது, அவருடைய ஒரு கை அசைவில் கலங்கியிருக்கிறது என்பதற்காக நான் கழித்த படம் அது. "இதை விட்டுட்டு எல்லாத்தையும் வெச்சிருக்கீங்க" என்றார் மனைவி. எடுத்தவர் தவிர இன்னொருவர், அதுவும் படக்கலையைப் பற்றி அதிகம் கவலைப்படாத ஒருவர், கழித்த படங்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். அந்தப் பெண்மணி படம் வேண்டும் என்று கேட்டு, தம் மின்னஞ்சல் முகவரியை என் குறிப்பேட்டில் எழுதித் தந்திருந்தார். அன்றிரவே அனுப்பினேன். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் விட்ட படங்கள் பழைய பயணங்களில் எனக்கு நிறைய உண்டு. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

வண்ணத் திருத்தத்தில் இரண்டு இரவுகள் வீணாயின. அந்த ஊரின் வீடுகள் பாத் கல் எனப்படும் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்டவை. வெயில் பட்டால் தேன் நிறம், நிழலில் வெளிறிய மஞ்சள். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை, அந்த மஞ்சளைப் பிழையென்று எண்ணிக் குறைத்துவிட்டது. சுவர்கள் சிமென்ட் பூசியதுபோல் இருந்தன. இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். மிகவும் சிவந்து தெரிகிறதே என்று மீண்டும் மீண்டும் குறைத்தேன். காலையில் பார்த்தால் எல்லாப் படங்களிலும் நீலம் ஏறியிருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கும் வசதி என் கணினியில் இயங்கிக்கொண்டிருந்தது. கல்லின் நிறத்தைத் திருத்துவதாக எண்ணித் திரையின் நிறத்தைத்தான் நான் திருத்தியிருக்கிறேன். பிறகு அந்த வசதியை அணைத்து, பகலில், நல்ல வெயிலில் எடுத்த ஒரு படத்தை மட்டும் 5,500 கெல்வின் என்ற வெள்ளைச் சமநிலை அளவில் சரிசெய்து, அதே வெளிச்சத்தில் எடுத்த மற்றவற்றுக்கு அந்த அளவையே பரப்பினேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்திருந்ததால்தான் இதெல்லாம் சாத்தியமானது.

கோணல்களை நிமிர்த்துவதிலும் ஓர் அசட்டுத்தனம் செய்தேன். ஊரிலிருந்து கால்வாய்க்கரையில் மேற்கே இரண்டரைக் கிலோமீட்டர் போனால் ஏவன்கிளிஃப் என்ற இடத்தில், கால்வாயே ஒரு பாலத்தின் மேல் ஏறி ஆற்றைக் கடக்கிறது. பொறியாளர் ஜான் ரென்னியின் வடிவமைப்பு, மூன்று வளைவுகள். என் படத்தில் நடு வளைவு தொய்ந்து தெரிந்தது. அகலக்கோண லென்ஸின் குறை என்று எண்ணி, லென்ஸ் திருத்தம் போட்டேன், போகவில்லை. கையால் இழுத்து நிமிர்த்தினேன். அது நிமிர்ந்ததும் பக்கச் சுவர் வளைந்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் அந்தப் பாலத்தைப் பற்றிப் படித்தேன். கட்டிய சில காலத்துக்குள்ளேயே நடு வளைவு உண்மையிலேயே தொய்ந்துவிட்டதாம். பலமுறை பழுதுபார்த்தும் அந்தத் தொய்வு இன்றும் இருக்கிறது. இருநூறு ஆண்டுத் தொய்வை நான் லென்ஸின் கணக்கில் எழுதியிருக்கிறேன். பழைய கட்டடங்களில் எது லென்ஸின் கோணல், எது கட்டடத்தின் கோணல் என்று தெரிந்துகொள்ள, அதே இடத்தை நீண்ட குவியத்தூர லென்ஸால் தள்ளி நின்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

படங்களுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது மனம் மிகவும் சோர்ந்தது. ஊரின் நடுவிலுள்ள பாலத்தை 43 முறை எடுத்திருந்தேன். அதன்மேல் கல்லால் ஆன சிறிய அறையொன்று துருத்திக்கொண்டிருக்கிறது. உச்சியில் மீன் வடிவக் காற்றுத் திசைகாட்டி. முதலில் வழிபாட்டிடமாக இருந்து, பின்னர் குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவர்களை இரவில் அடைத்துவைக்கும் அறையானது. அங்கே அடைபட்டவனை 'மீனுக்குக் கீழே, தண்ணீருக்கு மேலே' இருக்கிறான் என்று ஊரார் சொல்வார்களாம். இதை எழுதும்போது மதுரையிலிருந்து காணொளியில் பேசிய அம்மாவுக்குப் படத்தைக் காட்டினேன். "பாலத்து மேல என்னப்பா, சின்னக் கோயிலா?" என்றார். நான் கைப்பேசியில் தேடித் தெரிந்துகொண்டதை அவர் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

ஆனால் மேற்கொண்டு படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பாலத்தின் இரண்டு பக்கங்களும் வெவ்வேறு காலத்தவை. தண்ணீர் வரும் பக்கத்தில் இருப்பது இடைக்காலத்தில் கட்டப்பட்ட பழைய பாலம், அங்கே கூர்முனை வளைவுகள். 17ஆம் நூற்றாண்டில் அகலப்படுத்தியபோது தண்ணீர் போகும் பக்கத்தில் சேர்த்த பகுதியில் வளைவுகள் உருண்டையானவை. என் 43 படங்களும் தண்ணீர் போகும் பக்கத்திலிருந்து, ஒரே புல்தரையிலிருந்து, பனிமூட்டத்தில் மயங்கி எடுத்தவை. பழைய வளைவுகளில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. மறுபக்கம் போகச் சாலையைக் கடந்து சில நிமிடம் நடந்தால் போதும். புனித லாரன்ஸ் தேவாலயத்திலும் இதே கதைதான். வீடாகவும் பள்ளிக்கூடமாகவும் புழங்கி, 1856இல் ஊர்ப் பாதிரியார் வில்லியம் ஜோன்ஸ் அடையாளம் காணும்வரை தேவாலயம் என்றே தெரியாமல் இருந்த சாக்சன் காலக் கட்டடம் அது. உள்ளே நின்று இருட்டைக் குறைசொல்லிக்கொண்டு கேமராவின் ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) ஏற்றிய நான், வளைவுக்கு மேலே உயரத்தில் செதுக்கப்பட்டிருந்த இரண்டு தேவதூதர்களை அண்ணாந்து பார்க்கவே இல்லை. ஒரு படத்தின் மேல் விளிம்பில் ஒரு தேவதூதரின் பாதி மட்டும் வந்திருக்கிறது. போவதற்கு முன் எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போனால் கண் புதிதாகப் பார்க்காது என்று நான் நம்பியிருந்தேன். இப்போது அந்த நம்பிக்கை இல்லை. முதல்நாள் இரவு விடுதியில் அரைமணி நேரம் படித்திருந்தால் என் கண் கெட்டுப்போயிருக்காது. இடங்களின் முன் வைத்திருக்கும் தகவல் பலகைகளையும் இப்போது ஒரு படம் எடுத்துவிடுகிறேன்.

லேக்காக் படங்களைக் கடைசியாகப் பார்த்தேன். அங்குள்ள மடாலய மாளிகையில்தான் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் வாழ்ந்தார். இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய நெகட்டிவ், அந்த மாளிகையின் தென்கூடத்துச் சாளரத்தை அவர் 1835 ஆகஸ்டில் உள்ளேயிருந்து எடுத்தது. அஞ்சல்தலை அளவே உள்ள அந்தத் தாள் இன்று யார்க்‌ஷயரில் உள்ள வேறொரு பிராட்ஃபோர்டின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடுத்த புதிதில், சாளரத்தின் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களை உருப்பெருக்கியின் துணையால் எண்ண முடிந்தது என்று டால்பட் அதனருகே குறித்து வைத்திருக்கிறார். முக்காலியும் ஃபிளாஷும் இல்லாமல், அதே சாளரத்தின் முன் நின்று நானும் ஒன்பது படங்கள் எடுத்தேன். கூடம் இருட்டாக வந்துவிடக் கூடாது என்று எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றி வைத்திருந்தேன்.

இந்தக் கதையைச் சொன்னதும் ஒன்பது வயது மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் 24 மெகாபிக்சல் படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, விரலால் ஒவ்வொரு சதுரமாகத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். இடப்பக்கம் முடிந்தது. நடுவில் வந்ததும் நின்றாள். "அப்பா, இதுக்கு மேல எண்ண முடியல. எல்லாம் சேர்ந்து வெள்ளையா இருக்கு." படத்தின் ஒளியளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்தேன், மிகுந்த வெளிச்சத்தைக் குறிக்கும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மென்பொருளில் வெளிச்சத்தைக் குறைக்கும் இழுகட்டைகளையெல்லாம் கீழே இழுத்தேன். ஓரத்தில் இரண்டு வரிசைச் சதுரங்கள் மங்கலாகத் திரும்பி வந்தன. நடுப்பகுதி சாம்பல் நிறமானதே தவிர, அதில் ஒரு கோடுகூட இல்லை. அவள் 87 வரை எண்ணியதைப் படத்தின் குறிப்பில் எழுதச் சொன்னாள். எழுதினேன்.